யாருடைய வழக்கத்துக்கு இசைவது? காவிரிக் கரையில் கிறிஸ்தவமும் தமிழ்ப் பண்பாடும்

கிறிஸ்தவத்தை அறிவிக்க வருகிறவர், அந்த ஊர் மக்களின் உடை, உணவு, பாட்டு, சடங்கு ஆகியவற்றில் எதுவரை இசைந்துபோகலாம்? எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நானூறு ஆண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. அந்த விடைகளில் பல, திருவையாற்றை நடுவாக வைத்தால் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் ஊர்களில் உருவானவை. வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பால் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி. தெற்கே தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் 1779இல் எழுந்த சுவார்ட்ஸ் தேவாலயம். மேற்கே குளித்தலைக்கு அருகில் காவிரியை ஒட்டிய சாந்திவனம். கிழக்கே கடற்கரையில் தரங்கம்பாடி. தியாகராஜர் வாழ்ந்து மறைந்த திருவையாறும் அண்மைக் காலத்தில், கர்நாடக இசை யாருக்கு உரியது என்ற சர்ச்சையின் வழியே, இந்த விவாதத்துக்குள் இழுக்கப்பட்டது.

பொதுவாக இந்தக் கேள்வி அயல் மதம், உள்ளூர்ப் பண்பாடு என்ற இரண்டு தரப்புகளுக்கு நடுவில் வைத்துப் பேசப்படுகிறது. காவிரி டெல்டாவின் வரலாற்றைப் படிக்கும்போது அந்தப் பிரிப்பு போதவில்லை என்றே தோன்றுகிறது. இசைந்துபோக வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகும், யாருடைய வழக்கத்துக்கு இசைவது என்ற கேள்வி எஞ்சுகிறது. பழைய விடைகள் பெரும்பாலும் இடறி விழுந்தது அங்கேதான்.

கேள்வியின் வயது

யூதரல்லாதவர் கிறிஸ்துவை ஏற்கும்போது விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் விவாதித்ததை அப்போஸ்தலர் பணிகளின் 15ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. தேவையில்லை என்பது முடிவு. ஆனாலும் உணவு தொடர்பான சில விலக்குகளை அவர்கள் வைத்தார்கள். 601இல் முதலாம் கிரகோரி திருத்தந்தை இங்கிலாந்துக்குச் சென்றவர்களுக்கு எழுதிய கடிதத்தில், பழைய கோயில்களை இடிக்காமல் சிலைகளை மட்டும் அகற்றிவிட்டு அவற்றையே ஆலயங்களாக்கச் சொன்னார். பின்னாளில் சீனாவில் மத்தேயு ரிச்சி கன்பூசிய அறிஞரின் உடையை ஏற்றார். தமிழ்நாட்டுக் கதை இந்த நீண்ட வரிசையில் ஒரு கண்ணி என்றாலும், சாதி அதன் குறுக்கே நின்றதால் தனித்த போக்கைக் கொண்டது.

வழக்கம் வேறு, வழிபாடு வேறு

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, பறங்கியர் மார்க்கம் என்ற பெயரே கிறிஸ்தவத்துக்குத் தடை என்று கண்டார். காவி உடுத்தார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார், பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்சாதியினர் பூணூலையும் குடுமியையும் சந்தனப் பொட்டையும் விட வேண்டியிருக்கவில்லை. அவருடைய வாதத்தின் அச்சு எளியது. இவை சமூக அடையாளங்கள், குலத்தையும் தகுதியையும் காட்டுபவை. தெய்வ வழிபாட்டின் பகுதி அல்ல. ஆகவே கிறிஸ்தவர் இவற்றை வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் இதை மறுத்தார். பூணூல் தரிக்கும் சடங்கிலும் திருமணத்திலும் மந்திரமும் வேள்வித்தீயும் இருக்கும்போது அவற்றை வெறும் சமூக வழக்கம் என்பது எப்படி என்று கேட்டு, இந்துச் சடங்குகளைப் பற்றி 1616இல் ஒரு நூலே எழுதினார். பெர்னாண்டஸைக் குறுகிய மனத்தவராகச் சித்திரிப்பது நொபிலியைப் போற்றும் எழுத்துகளில் வழக்கம். சடங்குகளின் உள்ளே சமயம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதில் அவருடைய கவனிப்பு நொபிலியுடையதைவிடக் குறைந்ததல்ல என்று சொல்ல இடமுண்டு. 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, நிபந்தனைகளோடு நொபிலி பக்கம் சாய்ந்தது. அதே ஆணை, உயர்குலத்தார் எளியவரை இகழ்ந்து ஆலயத்தில் தனித்து நிற்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. முதல் பாதி நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பாதி வேண்டுகோளாகவே நின்றுவிட்டது.

நொபிலியின் வழி பெருமளவு பிராமணரைக் கொண்டுவரவில்லை. 1640 முதல் பல்தசார் த கோஸ்தா தொடங்கிவைத்த பண்டாரசாமிகள் முறைதான் காவிரிப் பகுதியில் பரவியது. சைவப் பண்டாரங்களைப் போன்ற தோற்றத்தோடு, பிராமணரல்லாத சாதிகளிடையே, ஒடுக்கப்பட்டோரிடமும் போகக்கூடியவர்களாக இவர்கள் உலவினார்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் இந்த மரபினர். ஒரே சபைக்குள் பிராமணருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவருக்கு வேறு வகை என்ற ஏற்பாடு, ஊரில் இருந்த அடுக்கை அப்படியே துறவிகளின் உடையில் எழுதிக் காட்டியது.

உரோமை சொன்ன மறுப்பு

1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை இந்த முறையின் பல கூறுகளைத் தடை செய்தது. திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கைத் தமிழர் அருவருப்பாகக் கருதியதால் மறைப்பணியாளர்கள் அதை விட்டிருந்தனர். விடக் கூடாது என்றது ஆணை. பிள்ளையார் உருப் பொறித்த தாலி கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது, நெற்றியில் நீறு கூடாது என்றும் சொன்னது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இந்தத் தடைகளை உறுதி செய்தார். மறைப்பணியாளர்கள் இதன் பெயரில் எடுத்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.

மலபார் சடங்குகள் விவகாரம் என்று பெயர் பெற்ற இதனை ஐரோப்பியப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. உமிழ்நீரைப் பற்றிய தடை அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே ஆணை, பறையர் நோயுற்றால் குரு அவர்கள் வீட்டுக்குள் சென்று அருளடையாளம் வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது; மாதவிடாய்க் காலத்துப் பெண்களை ஆலயத்திலிருந்து விலக்கக் கூடாது என்றது. உள்ளூர் மரபை மதித்தவர்கள் சேரி வாசலில் நின்றார்கள். உள்ளூர் மரபு தெரியாதவர்கள் உள்ளே போகச் சொன்னார்கள். இந்தச் சிக்கலை, பண்பாட்டுக்கு இசைதல் நல்லது, மறுத்தல் கெட்டது என்ற ஒற்றை அளவுகோலால் அளக்க முடியாது. 1744க்குப் பின் கண்ட தீர்வோ, பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது. ஆணையின் எழுத்து காப்பாற்றப்பட்டது. பிரிவினை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏலாக்குறிச்சி: இலக்கியத்தின் வழி

உடைச் சர்ச்சையை விட்டு மொழிக்குள் இறங்கியவர் கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அங்குள்ள அன்னைக்குக் கலம்பகம் பாடினார். 36 படலங்களில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி 1726இல் முடிந்தது. அதன் தலைவன் வளன் என்னும் சூசை. யூதேயா நாட்டு வருணனையில் தமிழ்நாட்டின் மருதநிலம் விரிவதைப் பார்த்தால், காப்பிய இலக்கணத்துக்குப் பணிந்ததோடு அவர் நிற்கவில்லை, கண்ணெதிரே கண்ட நெல்வயலையும் எழுதினார் என்று கருதலாம். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தமிழுக்கு அவர் விட்டுச்சென்ற கொடைகள்.

இந்த வழியின் வலிமை, தமிழை வெறும் கருவியாக்காமல் தமிழின் விதிகளுக்குள் நுழைந்து நின்றது. குறையும் அங்கேயே இருக்கிறது. விருத்தத்தில் அமைந்த காப்பியம் புலவர் அவைக்கு உரியது. உழவடை வேலைக்குப் போன கிறிஸ்தவர் அதைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. அவர்களிடம் போய்ச் சேர்ந்தவை அன்னையின் சுரூபமும் தேரும் அம்மானையும்தான்.

தரங்கம்பாடி: அறிதலும் அஞ்சுதலும்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் பார்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, தமிழரோடு கடிதம் வழி உரையாடி, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலை ஜெர்மனில் எழுதினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். மறைப்பணியாளர் அனுப்பப்பட்டது பிற சமயத்தை ஒழிக்கவே, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எதிர்ப்பதற்காகப் படிக்கத் தொடங்கியவர் படித்ததை மதிக்கத் தொடங்கிவிடுகிறார் என்ற அச்சம் அந்த மறுப்பில் தெரிகிறது.

சமூகக் கேள்வியில் லுத்தரர்கள் இயேசு சபையினரை விடத் துணிவானவர்களாக இல்லை. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் பறையர் குலத்துக் கத்தோலிக்கர். நற்செய்தி நூல்களைத் தாமே படித்துத் தரங்கம்பாடியை நாடி, தஞ்சை நாட்டில் சபைகள் உருவாக உழைத்த உபதேசியார். 1733இல் ஆரோன் முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைக் குருவாக அருட்பொழிவு பெற்றார். 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தபோது இராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. அவர் கையால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற காரணத்தால் தியோகு தேர்ந்தெடுக்கப்பட்டார். பண்பாட்டை மதித்தல் என்ற சொல்லாட்சிக்குள் இப்படி ஒரு மனிதரின் இழப்பும் மறைந்திருக்கிறது.

தஞ்சை: சாஸ்திரியாரின் வழக்கு

இந்தக் கேள்வியில் தமிழரே தம் குரலில் வழக்காடிய மிகத் தெளிவான சந்தர்ப்பம் தஞ்சையில் நேர்ந்தது. அதுவரை தமிழர் எதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்கள் ஐரோப்பியர்கள். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அந்த முறையைத் திருப்பிப் போட்டார்.

திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து, சிறுவனாக மறைப்பணியாளர் சுவார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, பின்னர் மன்னரான சரபோஜியுடன் கல்வி கற்றவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி, சீயோன் மகளைத் தலைவியாகவும் விசுவாசத்தைக் குறி சொல்லும் குறத்தியாகவும் வைக்கிறது. பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி ஆடப்பட்ட அதே ஊரில், அதே காலத்தில், அதே இலக்கிய வகையில் கிறிஸ்தவக் குறவஞ்சி எழுந்தது. தஞ்சை அரங்கில் வளர்ந்த ஒருவர் தம் பக்தியைத் தமக்குத் தெரிந்த வடிவில் பாடினார். அவருக்கு அது இயல்பு; யாரோ வகுத்த உத்தி அல்ல.

1820களில் புதிய தலைமுறை மறைப்பணியாளர்கள் வந்தபோது மோதல் தொடங்கியது. சாஸ்திரியார் அவர்கள் மீது சுமத்திய குற்றச்சாட்டுகள் நான்கு: பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுவது, ஆலயத்தில் சாதிகளைக் கலந்து அமர்த்துவது, திருமணத்திலும் விழாவிலும் பூவை விலக்குவது, கீர்த்தனைகளை நிறுத்தி ஐரோப்பிய ஞானப்பாட்டுகளைப் புகுத்துவது. இவற்றைக் கண்டித்து உரைநடையில் விரிவாக எழுதினார். பணியிலிருந்து விலக்கப்பட்டார், சரபோஜி அவருக்கு அரசவையில் இடம் கொடுத்தார்.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர் தடுமாறாமல் இருக்க முடியாது. பூவும் கீர்த்தனையும் தடுக்கப்பட்டபோது அவர் எழுப்பிய குரல் இன்று நியாயமாகப் படுகிறது. சாதி வாரியாக அமர்வதற்காக அதே குரல், அதே தருக்கத்தோடு, அதே மூச்சில் எழுந்தது. இது ஊர் வழக்கம், பக்திக்கு இடையூறல்ல என்பதே இரண்டுக்கும் அவர் தந்த நியாயம். பூணூலுக்கு நொபிலி தந்ததும் அதுதான். சாஸ்திரியாரைச் சாதி வெறியர் என்று தள்ளிவிட்டால் அவருடைய இசைச் சாதனையும் அயலாரின் அதிகாரத்தை எதிர்த்த துணிவும் மறைந்துபோகும். அவரைப் பண்பாட்டு விடுதலை வீரராக மட்டும் கொண்டாடினால், ஆலயத்தின் மறுபக்கத்தில் அமர்த்தப்பட்டவர்கள் மறைந்துபோவார்கள்.

எதிர்த்தரப்பும் ஒரே நிலையில் இல்லை. 1826 மார்ச்சில் தஞ்சைக்கு வந்த ஆங்கிலிக்கப் பேராயர் ஹீபர் சாதியைப் பெருமளவு சமூக வேறுபாடாகப் பார்க்கும் பக்கம் சாய்ந்து விசாரணை தொடங்கினார். ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்தார். சில ஆண்டுகள் கழித்துப் பேராயரான டேனியல் வில்சன் 1833இல் அனுப்பிய சுற்றுமடல், சாதியை உடனடியாகவும் முழுமையாகவும் விட்டுவிட வேண்டும் என்றது. தஞ்சையில் பலர் சபையை விட்டு வெளியேறினர். லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னர் சாதி விஷயத்தில் பொறுமை காட்டியதால் அங்கே சேர்ந்தவர்கள் உண்டு. வில்சனின் நிலைப்பாடு அறத்தில் உயர்ந்தது. அதைக் கம்பெனி ஆட்சியின் பேராயர், தமிழரோடு கலந்து பேசாமல், மேலிருந்து கட்டளையாகத் தந்தார் என்பதும் உண்மை. சரியான கோரிக்கை தவறான குரலில் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சை ஒரு சான்று.

மக்கள் தாமே செய்துகொண்டவை

ஆணைகளுக்கும் சுற்றுமடல்களுக்கும் வெளியே, அனுமதி கேட்காமல் நடந்த இசைவு ஒன்று உண்டு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் விழாவில் முடியிறக்குதல், நடைபயணம், நேர்ச்சை, தேர்ப்பவனி எல்லாம் டெல்டாவின் கோயில் திருவிழா இலக்கணத்தில் அமைந்தவை. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பூண்டி மாதா ஆலயத்திலும் இதைக் காணலாம். வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். இறையியலார் இதைக் கலப்பு என்று கவலைப்படுவதுண்டு. சீர்திருத்தச் சபையினர் கடுமையாகவே கண்டிப்பார்கள். நேர்ச்சை செலுத்த வரும் தாய்மாருக்கு அந்தக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகள் இதற்கு நேரெதிராக, பூவையும் பொட்டையும் நகையையும் விடச் சொல்கின்றன. ஆனால் 1920களில் இலங்கையில் தோன்றித் தமிழகத்தில் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே சபையின் வெள்ளுடை ஊழியர்கள், மணத்துறவு, கூட்டு வாழ்வு ஆகியவற்றில் தமிழ்த் துறவு மரபின் சாயல் இருப்பதாக எனக்குப் படுகிறது. பண்பாட்டை மறுப்பதாகச் சொல்கிறவர்களும் பண்பாட்டின் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே மறுக்கிறார்கள்.

மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை வேறொரு திசையில் போனார். கத்தோலிக்கரான அவர் பாடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் யாரையும் மதம் மாற்ற முயலவில்லை.

ஆசிரமமும் பறையும்

1950இல் மொன்சானென், ஹென்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினர். 1968இல் பீட் கிரிபித்ஸ் பொறுப்பேற்றார். காவி, தரையில் அமர்ந்த வழிபாடு, ஆரத்தி, உபநிடத வாசிப்பு, கோயில் பாணிக் கட்டடம் ஆகியவை அங்கே உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல், இந்தியத் திருப்பலிக்கு உரோமை ஒப்புதல் தந்த பன்னிரு மாற்றங்களும் இந்தத் திசையிலேயே சென்றன. நொபிலியின் கனவு ஆழமடைந்தது இங்கேதான். இவர்கள் வேதாந்தத்தை வாயிலாக மட்டும் கொள்ளாமல் அதனிடம் கற்கவும் முயன்றனர். ஆயினும் அவர்கள் சந்தித்த இந்தியா பெரும்பாலும் நூல்களின் இந்தியா, அதிலும் வடமொழி நூல்களின் இந்தியா.

அந்த இடத்தைத்தான் தலித் இறையியலாளர் தொட்டனர். 1980களில் அர்விந்த் நிர்மல் உள்ளிட்டோர் எழுப்பிய விமர்சனத்தை, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இசைக்குள் கொண்டுவந்தார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையும் ஐரோப்பியப் பாமாலையும் கிராமத்துத் தலித் கிறிஸ்தவருக்கு ஒரே அளவு அயல் என்றார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டில் வைத்தார்; ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். இசைவு என்ற கருத்தை அவர் கைவிடவில்லை, அதன் முகவரியை மாற்றினார். இதற்கும் எதிர்வாதம் இருக்கிறது: சாவு வீட்டில் அடிக்கப் பணிக்கப்பட்ட கருவி ஒடுக்குதலின் நினைவைச் சுமக்கிறது என்று சொல்லி, ஆலயத்துக்குள் அதை விரும்பாத தலித் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குப் பியானோவும் ஆங்கிலமும் விடுதலையின் அடையாளமாக இருந்திருக்கக்கூடும். அதை அடிமை மனம் என்று பிறர் தீர்ப்பளிப்பது சரியில்லை.

வெளியிலிருந்து ஒரு கேள்வி

இதுவரை சொன்னவை கிறிஸ்தவர்களுக்கு உள்ளே நடந்த விவாதம். இந்துத் தரப்பின் ஆட்சேபம் வேறு: எங்கள் காவியையும் ஆரத்தியையும் இராகத்தையும் எடுத்து, எங்களையே மாற்றப் பயன்படுத்துவது வஞ்சகம். சீதாராம் கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைச் சாடி எழுதிய நூல் இதன் கடுமையான வடிவம். 2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல் பாடியதாகவும் தியாகராஜர் கீர்த்தனையை மாற்றியதாகவும் கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலர் மிரட்டப்பட்டனர், ஒருவர் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியிலிருந்து விலகினார், பாடகர் டி. எம். கிருஷ்ணா மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பற்றி ஒரு பாடல் வெளியிடப்போவதாக அறிவித்தார்.

மிரட்டலுக்கு நியாயம் கிடையாது. ஆட்சேபத்தின் உள்ளே ஒரு நேர்மையான வினா இருப்பதை மறுக்கவும் முடியாது: மாற்றும் நோக்கத்தோடு எடுக்கப்படும் வடிவம் மதிப்பால் எடுக்கப்பட்டதா? நொபிலியைப் பொறுத்து இந்த வினா கனமானது. தஞ்சையைப் பொறுத்து அவ்வளவு பொருந்தாது. சாஸ்திரியார் தியாகராஜரின் சமகாலத்தவர்; திருவையாற்றில் ஒருவரும் தஞ்சையில் மற்றவரும் ஒரே இசைச் சூழலில் பாடினார்கள். தஞ்சையில் வைத்தியராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தி 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டபோது, தமிழிசையைத் தம் முன்னோர் சொத்தாகவே ஆராய்ந்தார். கடன் எதிர்த்திசையிலும் நடந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பாண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். வயலின் இல்லாத ஆராதனையைத் திருவையாறு இன்று நினைத்துப் பார்க்குமா?

திறந்தே இருப்பவை

வழக்கம் வேறு, வழிபாடு வேறு என்ற நொபிலியின் கோடு நீண்ட காலம் உதவியது, ஆனால் அது எங்கே ஓடுகிறது என்பதை ஒவ்வொரு தலைமுறையிலும் கோட்டைப் பிடித்திருந்தவரே முடிவு செய்தார். பூவும் சாதியும் ஒரே பக்கத்தில் விழும்படி அதை வரைய முடிந்தது என்பது அதன் பெரிய பலவீனம். ஒரு வழக்கம் யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்பதை இரண்டாவது அளவுகோலாகச் சேர்க்கலாம் என்று தலித் இறையியல் முன்வைக்கிறது. என் கணிப்பில் இது இதுவரை கிடைத்தவற்றில் வலுவானது. எனினும் பறையைப் பற்றிய கருத்து வேறுபாடு காட்டுவதுபோல, தாழ்த்தப்பட்டவரிடமிருந்தே ஒரே விடை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நடைமுறையோ கொள்கைக்கு வெகு பின்னால் நிற்கிறது. 2008இல் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள் நடந்த சாதி மோதலில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதி பிரித்து எழுப்பிய சுவர் பல்லாண்டுப் போராட்டத்துக்குக் காரணமாக இருந்துவந்திருக்கிறது.

சான்றுகளின் நிலையும் விடையைப் பாதிக்கிறது. இயேசு சபையின் ஆண்டு மடல்களும் ஹாலே ஆவணங்களும் ஏராளம். உபதேசியார்களின் அறிக்கைகளில் பல ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே எஞ்சியுள்ளன. சாஸ்திரியாரின் வாதம் அவர் சொல்லிலேயே இருக்கிறது. 1820களின் தஞ்சை ஆலயத்தில் மறுபக்கம் அமர்ந்திருந்தவர்கள் கீர்த்தனையை விரும்பினார்களா, கலந்து அமரும் நாளை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு, மற்றவர்கள் அவர்களைப் பற்றி எழுதியவற்றின் வழியாகவே இப்போதைக்குப் போக வேண்டியிருக்கிறது. சபைப் பதிவேடுகள், குடும்பச் சுவடிகள், வாய்மொழிப் பாடல்கள் ஆகியவற்றை அந்தக் கேள்வியோடு படிக்கும் வேலை மிச்சமிருக்கிறது.